முப்பதாயிரம் ரூபாய்க்குள் வீட்டுக் கணினி: குமரி மாவட்டத்தில் எதை வாங்கலாம்?

பள்ளியும் கல்லூரியும் திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் கணினி விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். கையில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. புதிய மடிக்கணினி வாங்கலாமா, அல்லது நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த டெஸ்க்டாப்பை வாங்கலாமா? கடைக்காரர் சொல்லும் பதில் அன்றைக்கு அவரிடம் இருக்கும் சரக்கைப் பொறுத்தது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ உறவினர் சொல்லும் பதில் அவருடைய அறையையும் அவருடைய வேலையையும் பொறுத்தது. முட்டத்தில் கடலைப் பார்த்து நிற்கும் வீட்டுக்கும், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதை இருவருமே கணக்கில் எடுப்பதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியை வெளியே தூக்கிச் செல்ல வேண்டிய தேவை இல்லாத குமரி மாவட்டத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, இன்டெல் நிறுவனத்தின் 8-ஆம் தலைமுறை பிராசஸர் (கணினியின் மூளையான சிப்) உள்ள ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்கும்) அலுவலக டெஸ்க்டாப்பும், நல்ல எர்த் இணைப்பும், ஒரு யுபிஎஸ்ஸும் சேர்ந்ததே இந்தத் தொகைக்குள் கிடைக்கும் சிறந்த ஏற்பாடு. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றை உரிய இடத்தில் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது பெட்டியின் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். மடிக்கணினியின் விலைக்குள் திரை, கீபோர்டு, கேமரா, வைஃபை, மின்தடையைத் தாங்கும் பேட்டரி ஆகிய ஐந்தும் அடங்கியிருக்கின்றன. டெஸ்க்டாப்புக்கு இவை ஐந்தையும் தனியாக வாங்க வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்த பெட்டிகளில் பெரும்பாலும் வைஃபை கூட இருக்காது. யுஎஸ்பி வழியாகச் செருகும் சிறு வைஃபை டாங்கிள் ஒன்று தேவைப்படும். ஏறத்தாழச் சொன்னால், 8-ஆம் தலைமுறைப் பெட்டிக்கு 14,000 முதல் 17,000 வரை, புதிய 22 அங்குல மானிட்டருக்கு 7,000, யுபிஎஸ்ஸுக்கு 3,000, கீபோர்டு, மவுஸ், கேமரா, டாங்கிள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,000 என்று 26,000-க்கும் 29,000-க்கும் இடையில் கணக்கு வந்து நிற்கும். 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ராம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) விலை கடுமையாக ஏறியிருப்பதால், ராமை உள்ளடக்கிய எந்த விலையையும் வாங்கும் வாரத்தில் மறுபடி கேட்டுக்கொள்வது நல்லது. பெட்டியை 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது அவ்வளவு மலிவாக முடிவதில்லை. 16 ஜிபியோடு வரும் பெட்டி சற்றே கூடுதல் விலையில் கிடைத்தால் அதையே எடுப்பது மேல்.

தலைமுறை என்ற எண்

கடையில் "ஐ5 தான் சார், எல்லாம் நல்லா ஓடும்" என்று சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. ஐ5 என்பது இன்டெல் பிராசஸர்களில் ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. 2013-இல் வந்த ஐ5-4570, 2015-இல் வந்த ஐ5-6500, 2018-இல் வந்த ஐ5-8500 ஆகிய மூன்றுமே ஐ5 தான். மூன்றும் ரீஃபர்பிஷ்டு சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இப்படி நான்கு இலக்க எண்ணாக இருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கமே தலைமுறை. 4-ஆம் தலைமுறைப் பெட்டி மிக மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது பழைய டிடிஆர்3 ராமில் ஓடுவது. 6-ஆம், 7-ஆம் தலைமுறையில் ஐ5 டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு நான்கு கோர்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்). 8-ஆம் தலைமுறையில் அது ஆறு கோர்களாக உயர்ந்தது. ஒரே ஆண்டில் நடந்த அந்தத் தாவலின் பயனைத்தான் இன்று பழைய விலையில் வாங்குகிறோம்.

இதைவிட முக்கியமான காரணம் விண்டோஸ். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபரோடு முடிகிறது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ, ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ, அத்துடன் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். 6-ஆம் தலைமுறைப் பெட்டியில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருப்பதைக் கடையில் காட்டுவார்கள். விண்டோஸ் செய்யும் தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவுவதற்கு வழி இருப்பதால் அது சாத்தியம். ஆனால் அப்படி நிறுவிய கணினிகளுக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வீட்டு வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இந்த ஐயத்தை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 6-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் இடையில் நான்காயிரம், ஐந்தாயிரம் வித்தியாசம் இருந்தாலும் கொடுக்கலாம்.

மாடல் பெயரைக் கொண்டும் தலைமுறையைக் கண்டுகொள்ளலாம். டெல் ஆப்டிபிளக்ஸில் 3050, 5050, 7050 ஆகியவை பழையவை. 3060, 5060, 7060 ஆகியவை 8-ஆம் தலைமுறை. எச்பியில் எலைட்டெஸ்க் 800 ஜி3 பழையது, ஜி4 வேண்டியது. லெனோவா திங்க்சென்டரில் எம்710 பழையது. எம்720, எம்920 வேண்டியவை.

பெட்டியைத் திறந்து பார்த்தல்

ரீஃபர்பிஷ்டு பெட்டியை வாங்கும்போது பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். இந்த அலுவலகப் பெட்டிகளில் பெரும்பாலானவை திருப்புளி இல்லாமலே திறக்கும்படி செய்யப்பட்டவை. மறுக்கும் கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. திறந்ததும் பார்க்க வேண்டியது தூசியை அல்ல. தூசியை எந்தக் கடைக்காரரும் ஊதித் துடைத்திருப்பார். ராம் செருகியிருக்கும் இடத்தின் உலோக நுனிகள், பின்பக்கத்து யுஎஸ்பி, விஜிஏ (மானிட்டர் கம்பி செருகும்) துளைகளின் உலோக விளிம்பு, மதர்போர்டை (பாகங்கள் எல்லாம் பொருத்தப்பட்ட பலகையை) இறுக்கியிருக்கும் ஸ்க்ரூவின் தலை ஆகியவற்றில் பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ ஏதேனும் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது உப்புக் காற்றில் இருந்த கணினியின் அடையாளம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடலாம். செங்கல் நிறத் தூசி ஒட்டியிருந்தால் அது கடலோரம் அல்லாத ஊரிலிருந்து வந்தது என்று நிம்மதி அடையலாம்; துடைத்தால் போய்விடும்.

அடுத்து, கணினியை இயக்கி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய்ப் பார்க்க வேண்டும். இயக்கியதும் அழுத்த வேண்டிய விசை டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவா என்றால் எஃப்1. உள்ளே நுழையும்போது கடவுச்சொல் கேட்டால், பழைய நிறுவனம் வைத்த பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை என்று பொருள். கடைக்காரர் அதை நீக்கித் தந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். தேதியும் நேரமும் பழைய ஆண்டைக் காட்டினால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. சில பத்து ரூபாய்ச் சாமான்தான் என்றாலும், மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி பின்னோக்கிப் போய், இணையதளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் தவறு என்று சொல்லித் திறக்க மறுக்கும். இதை வைரஸ் என்று நம்பிக் கணினியை ஃபார்மேட் செய்ய எடுத்துச் செல்கிறவர்களும் உண்டு.

எஸ்எஸ்டியை (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு) கடைக்காரர் பழையதாகவே போட்டிருப்பார். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அது ஓடிய மணி நேரமும் மீதமிருக்கும் ஆரோக்கியமும் சதவீதமாகத் தெரியும். 80 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது பெயர் தெரிந்த நிறுவனத்தின் புதிய எஸ்எஸ்டியைப் போட்டுத் தரச் சொல்லி அதற்கான பணத்தைக் கொடுக்கலாம். ஹார்டு டிஸ்கில் விண்டோஸை ஓட்டுவதைப் பற்றி இப்போது பேசவே வேண்டியதில்லை. வினாடிக்கு 100, 150 எம்பி படிக்கும் ஹார்டு டிஸ்கும், சாதாரண சாட்டா வகையிலேயே 500 எம்பியைத் தாண்டும் எஸ்எஸ்டியும் ஒப்பிடத் தக்கவை அல்ல. பெட்டியோடு இலவசமாக ஒரு ஹார்டு டிஸ்க் வந்தால் கல்யாணப் புகைப்படங்களை வைக்கப் பயன்படும்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு குறை உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. டெல், எச்பி, லெனோவா மூன்றும் அலுவலகப் பெட்டிகளில் தங்களுக்கே உரிய எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதி) பொருத்துகின்றன. கடையில் வாங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் நேராகப் பொருந்தாது, பிளக்கே வேறு. மின்னழுத்த ஏற்றத்தாழ்வில் முதலில் போகக்கூடியதும் அதுதான். ஆகவே எந்த மாடலை வாங்குவது என்பதில் என் அளவுகோல் எளிது: அந்தக் கடையில் எந்த மாடல் பத்துப் பதினைந்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் போனால் உடைத்த பெட்டியிலிருந்து இன்னொன்று கிடைக்கும். மின்னணுப் பொருள் சந்தையான சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரவழைத்தால் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சமாகலாம். ஆனால் பழுது வந்தால் பெட்டியை ஒரு முறை அங்கே அனுப்பித் திரும்ப வரவழைப்பதிலேயே அந்த மிச்சத்தில் பாதி கரைந்துவிடும். மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ பேருந்தில் போய் அன்றே திரும்பலாம் என்பது இங்கே பெரிய வசதி.

மானிட்டரை வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போங்கள். எச்பியின் அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் மானிட்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை இருக்காது. டிஸ்பிளேபோர்ட் மட்டுமே இருக்கும். மலிவான மானிட்டர்களில் எச்டிஎம்ஐயும் விஜிஏவும் மட்டும் இருக்கும். டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒன்று சில நூறு ரூபாய்க்கு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். திசை மட்டும் முக்கியம்: எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் தலைகீழாகச் செருகினால் வேலை செய்யாது. வீட்டிலிருக்கும் 32 அங்குல டிவியையே மானிட்டராக்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வரும். அந்த அளவு டிவிகள் பெரும்பாலும் 1366×768 புள்ளிகள் கொண்டவை. திரைப்படம் பார்க்கப் போதும். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் போதாது. தமிழ் எழுத்தின் சுழிகளும் கொம்புகளும் அந்தத் திரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1920×1080 புள்ளிகளுள்ள 22 அங்குல ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) மானிட்டர் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிராசஸர் பழையதாக இருக்கலாம். தினமும் பார்க்கும் திரை புதியதாக இருக்கட்டும்.

மடிக்கணினி யாருக்கு?

குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்குத் தினமும் போய்வரும் மாணவருக்கும், விடுதியில் தங்கிப் படிப்பவருக்கும் டெஸ்க்டாப்பைப் பரிந்துரைப்பதில் பொருள் இல்லை. அவர்களுக்கு மடிக்கணினிதான். கேள்வி, புதியதா பழையதா என்பதே.

இருபதாயிரம் ரூபாய்ச் சுற்றுவட்டாரத்தில் புதிய மடிக்கணினி என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றில் பல, செலரான் என்4020 அல்லது என்4500 போன்ற இரண்டு கோர் பிராசஸரோடும், 4 ஜிபி ராமோடும், 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி சேமிப்போடும் வருகின்றன. இஎம்எம்சி என்பது போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட மெதுவான சேமிப்பு. கழற்றி மாற்ற முடியாது. 64 ஜிபியில் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே பெரும்பகுதியை நிரப்பிவிடும். டப்பா புதியது, உள்ளே இருப்பது வாங்கிய நாளிலேயே போதாதது. இதை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது நல்லது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள புதிய மடிக்கணினி நல்ல பொருள். ஆனால் அது முப்பதாயிரத்தைத் தாண்டி நிற்கிறது.

ஆகவே இந்தத் தொகைக்குள் மடிக்கணினி என்றால், 8-ஆம் தலைமுறை அலுவலக மடிக்கணினிகளான திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். உடல் உறுதியானவை, கீபோர்டு நன்றாக இருக்கும், ராமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம். டி480-இல் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு பேட்டரிகள்; வெளிப்புறத்து பேட்டரியைக் கணினியை அணைக்காமலே மாற்றலாம். வாங்கும்போது விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அதில் பேட்டரி புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் எட்டும் கொள்ளளவும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்குக் கீழ் இருந்தால் புதிய பேட்டரியின் விலையையும் மனத்தில் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். திரை 1366×768 ஆக இருந்தால் அதே மாடலில் 1920×1080 உள்ளதைக் கேளுங்கள். இரண்டும் சந்தையில் உண்டு.

ஒரு செய்தி: தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்குவதாக அறிவித்தது. பிள்ளை அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் கல்லூரியிலோ படித்தால், பணத்தைச் செலவழிக்கும் முன் அவர் வகுப்பு அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

கைக்குள் அடங்கும் பெட்டிகள்

மூன்றாவது வழி மினி பிசி. இதில் இரண்டு இனங்கள் உள்ளன. கடைகளில் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் குழப்பம் வருகிறது. ஒன்று, 2023-இல் வந்த இன்டெல் என்100 போன்ற பிராசஸரோடு புதிதாக விற்கப்படுவது. நான்கு கோர்கள், ஆறு வாட் மின்சக்திக்காக வடிவமைக்கப்பட்டது. இணையம், ஆவணங்கள், காணொளி வகுப்பு, யூடியூப் எல்லாவற்றுக்கும் போதும். திறன் ஏறத்தாழப் பழைய ஐ5-6500-இன் அளவு. ஐ5-8500 இதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேலை செய்யும். மற்றொன்று, ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி, எச்பி மினி என்ற பெயர்களில் வரும் ரீஃபர்பிஷ்டு அலுவலகப் பெட்டி. இதில் ஐ5-8500டி போன்ற 35 வாட் பிராசஸர் இருக்கும். மடிக்கணினியின் ராமும், மடிக்கணினி போலவே வெளியில் தொங்கும் அடாப்டரும் கொண்டது.

என் கருத்தில் இந்த இரண்டாவது இனம் நம் மாவட்டத்துக்கு அதிகம் பொருந்தும். அதற்குக் காரணம் அந்த அடாப்டர். மின்னழுத்தம் எகிறும்போது பெரும்பாலும் முதலில் உயிரை விடுவது அடாப்டர்தான். அதை அரை மணி நேரத்தில் எந்தக் கடையிலும் மாற்றிவிடலாம். மேலே சொன்ன எஸ்எம்பிஎஸ் தலைவலி இதில் கிடையாது. விலை பெரிய பெட்டிக்குச் சமமாகவோ சற்று கூடுதலாகவோ இருக்கும், கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்க இடம் இருக்காது. விளையாட்டுப் பிரியரான பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் டவர் வடிவப் பெட்டியைப் பார்க்கவும்.

மின்கட்டணத்தை வைத்து முடிவெடுப்பவர்களுக்காக ஒரு கணக்கு. மானிட்டரோடு சேர்ந்து ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் சாதாரண வேலையில் 60 வாட், என்100 மினி பிசி மானிட்டரோடு 30 வாட், மடிக்கணினி 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் நான்கு மணி நேரம் வீதம் 60 நாளுக்கு முறையே 14.4, 7.2, 4.8 யூனிட்டுகள் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், பத்து யூனிட் வித்தியாசத்துக்காக பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து மடிக்கணினி வாங்குவதில் நியாயம் இல்லை. மின்தடை நேரத்தில்தான் இந்த வாட் கணக்கு உண்மையான மதிப்பைப் பெறுகிறது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்துப் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மாவட்டம் மறந்திருக்காது. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரியில் 30 வாட் கணினியை, வேறு எதையும் போடாமல், ஒரு முழு நாளுக்கு மேல் ஓட்டலாம்.

ராஸ்பெரி பை 5 என்ற கையடக்கக் கணினிப் பலகையைப் பற்றிக் கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். மின்னணுவியல் படிக்கும் மாணவருக்கு அருமையான பொருள். வீட்டின் ஒரே கணினியாக வேண்டாம்: அடாப்டர், பெட்டி, கூலர், சேமிப்பு எல்லாம் சேர்ந்தால் விலை ரீஃபர்பிஷ்டு பெட்டியை நெருங்கிவிடும், டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் அதில் நேராக ஓடா. ஐ3-12100 போட்டுப் புதிதாக அசெம்பிள் செய்வது முழு விலைக்குத் தகுந்த நல்ல வழி. மானிட்டரும் யுபிஎஸ்ஸும் சேர்ந்தால் நம் எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

கடலும் மலையும்

மணக்குடி முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்களில் கணினியின் முதல் எதிரி உப்பு. காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் போர்டின் மீது படிகின்றன. படிந்த உப்பு உலர்ந்திருக்கும் வரை கேடில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது நீரை உறிஞ்சிக் கரைசலாகி, மின்சாரம் கடத்தத் தொடங்கி, உலோகத்தை அரிக்கிறது. கடற்கரையில் இரவு நேர ஈரப்பதம் இந்த அளவை எளிதாகத் தாண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் வெளியைவிடச் சில டிகிரி சூடாக இருப்பதால் அங்கே ஈரப்பதம் இறங்கிவிடுகிறது. ஆகவே, அதிகம் ஓடினால் சீக்கிரம் கெடும் என்ற பொதுவான நம்பிக்கைக்கு மாறாக, கடற்கரை வீட்டில் மூடி வைத்த கணினிதான் சீக்கிரம் கெடுகிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர் ஓர் ஆண்டு கழித்துத் திறந்தால் கணினி உயிர் பெறாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுவது, கடலைப் பார்த்த சன்னலிலிருந்து தள்ளி உள்ளறையில் வைப்பது, சூடு ஆறும் முன்பே பிளாஸ்டிக் உறையால் மூடாமல் இருப்பது ஆகிய மூன்றும் செலவில்லாத காப்புகள். உப்பைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹாலும், ராமின் தங்க முனைகளைத் தேய்க்க ஒரு வெள்ளை அழிப்பானும் போதும். இந்தக் காரணத்தால் கடற்கரை வீட்டுக்கு, திறந்து துடைக்க எளிதான அலுவலகப் பெட்டியையே, அதன் மைக்ரோ வடிவத்தையே, மடிக்கணினிக்கு மேலாகச் சொல்வேன். மடிக்கணினியின் கீபோர்டுக்கு அடியில் படிந்ததைத் துடைக்க முழுவதையும் பிரிக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் வருவது உப்பல்ல, மண். மாதம் ஒருமுறை ஊதிவிட்டால் தீர்ந்தது. குலசேகரம், அருமனை, கடையாலுமூடு போன்ற மலையடிவார ஊர்களில் பிரச்சினை இடி. சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி இடிக்கும்போது மின்கம்பி வழியாக மட்டுமல்ல, கேபிள் டிவி கம்பி வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின்னழுத்தம் வீட்டுக்குள் வரும். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் மோடமின் அடாப்டர் சுவர் பிளக்கில் இருக்கிறது, மோடமிலிருந்து கணினிக்கு வரும் லேன் கம்பி செம்பு. எனவே இடி கேட்டதும் பிளக்கோடு லேன் கம்பியையும் உருவ வேண்டும், அல்லது வைஃபையிலேயே பயன்படுத்த வேண்டும். நேரடி இடியை ஸ்பைக் கார்டும் தடுக்காது, யுபிஎஸ்ஸும் தடுக்காது.

எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. வெறுங்காலோடு நின்று பெட்டியின் பின்பக்கத்து ஸ்க்ரூவைத் தொட்டால் சுள்ளென்று லேசாகக் குத்துகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கபாசிட்டர்கள் சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும்படி இணைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியின் உடலிலேயே தேங்கி நிற்கிறது. ஆளைக் கொல்லும் அளவல்ல, ஆனால் யுஎஸ்பியில் எதையாவது செருகும்போது போர்ட்டைக் கெடுக்கப் போதும். எலக்ட்ரீஷியனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் டெஸ்ட் விளக்கு பளிச்சென எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக எர்த் குழி எடுக்க வேண்டி வந்தால், மானிட்டரைப் பழையதாக வாங்கியாவது அதற்குப் பணம் ஒதுக்கலாம். திரையில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு.

யுபிஎஸ் 600 விஏ போதும். அதன் உண்மையான தாங்கும் அளவு 360 வாட் அளவில் இருக்கும். நம் டெஸ்க்டாப்புக்குத் தாராளம். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளரும், தனியாக மாற்றலாம். பிரிண்டரை, குறிப்பாக லேசர் பிரிண்டரை, அதில் செருகக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கத்து சுவிட்சை யுபிஎஸ் நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். மின்சாரம் போகும்போது கணினி அணையாமல் தாங்கினால் அந்த மூவாயிரமும் மிச்சம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டாமல் இருப்பது நல்லது.

விண்டோஸா, அதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. பெரிய நிறுவனப் பெட்டிகளில் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 11-ஐ நிறுவி இணையத்தில் இணைத்ததும் தானாகவே செயல்படும். அப்படி இல்லையென்றால், வாழ்நாள் கீ என்று சில நூறு ரூபாய்க்கு விற்கப்படுவதை வாங்குவதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 போடலாம். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்99 விசைப்பலகை இரண்டிலுமே கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தகுதித் தேர்வு எழுதும் செவிலியர்கள் நம் மாவட்டத்தில் நிறைய பேர். வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுதும் தேர்வுகளின் மென்பொருள்கள் பொதுவாக லினக்ஸில் ஓடுவதில்லை. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் விண்டோஸ்தான்.

பில்லில் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். ரீஃபர்பிஷ்டு பெட்டிகளுக்குப் பெரும்பாலும் கடைக்காரரின் ஆறு மாத உத்தரவாதமே கிடைக்கும். மே மாதம் வாங்கினால் அது நவம்பரில், வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது முடிந்துவிடும். பழுது கூடுதலாக வரும் மாதமும் அதுதான். ஐந்நூறோ ஆயிரமோ கூடுதலாகக் கேட்டாலும் ஓராண்டு உத்தரவாதத்துக்குப் பேசி, அதையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.